தாஜ் மஹால் என்றொரு ப்ளூஸ்காரர்

இணையத்தில் இவரைத் தேடுவது பெரிய தொல்லை. பெயரைத் தட்டினால் ஆக்ராவில் இருக்கும் சமாதிதான் வந்து நிற்கும். நுழைவுக் கட்டணம், திறக்கிற நேரம், பௌர்ணமி இரவு எல்லாம் வரும். கூடவே 'ப்ளூஸ்' என்று சேர்த்துத் தட்டினால்தான் தொப்பியும் பூப்போட்ட சட்டையுமாக அந்த வாட்டசாட்டமான மனிதர் கிடைப்பார். ஹென்றி செயின்ட் கிளேர் ஃப்ரெடரிக்ஸ் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர். 1942இல் நியூயார்க்கின் ஹார்லெமில் பிறந்து, மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டில் வளர்ந்தவர். காந்தியும் இந்தியாவும் மனிதர்களுக்கிடையே சகிப்பும் கலந்து வந்த கனவுகளிலிருந்து இந்தப் பெயரை எடுத்துக்கொண்டதாகச் சொல்லியிருக்கிறார். அப்போது அவர் கல்லூரிப் பையன்.

நான் இவரிடம் வந்து சேர்ந்தது தலைகீழ் வழியில். ஹாஸ்டலில் கை மாறிக் கை மாறி வந்த ஒரு எம்பி3 சிடியில் ஆல்மன் பிரதர்ஸ் குழுவின் 1971 ஃபில்மோர் ஈஸ்ட் கச்சேரி இருந்தது. முதல் பாட்டு 'ஸ்டேட்ஸ்போரோ ப்ளூஸ்'. டூவேன் ஆல்மன் ஸ்லைடில் இழுக்கும் அந்த முதல் சில நொடிகளைக் கேட்டுவிட்டு, உலகத்தில் கிதாரை இப்படி முதன்முதலாக வாசித்தவர் இவர்தான் என்று முடிவு கட்டியிருந்தேன். ரொம்ப வருஷம் கழித்துத்தான் தாஜ் மஹாலின் 1968 முதல் ஆல்பத்தைக் கேட்டேன். தூக்கிவாரிப் போட்டது. அதே பாட்டு, அதே நடை, அதே இழுப்பு, ஆல்மன் பதிவுக்கு மூன்று வருஷம் முன்னால்.

இதில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை. கிரெக் ஆல்மனே சொன்ன கதை உண்டு. 1968இல் அண்ணன் டூவேனின் பிறந்தநாளுக்கு அவர் கொடுத்த பரிசு இரண்டு: தாஜ் மஹாலின் ஆல்பம், சளி பிடித்திருந்ததால் ஒரு பாட்டில் கோரிசிடின் மாத்திரை. டூவேன் மாத்திரையைக் கொட்டிவிட்டு அந்தக் கண்ணாடி பாட்டிலை விரலில் மாட்டிக்கொண்டு, ரெக்கார்டில் கேட்டதை வாசிக்க ஆரம்பித்தார். ரெக்கார்டில் ஸ்லைடு வாசித்தவர் ஜெஸ்ஸி எட் டேவிஸ், ஓக்லஹோமாவைச் சேர்ந்த பூர்வகுடி இளைஞர். பாட்டு அதற்கும் நாற்பது வருஷம் முந்தியது. 1928இல் ஜார்ஜியாவின் ப்ளைண்ட் வில்லி மெக்டெல் பன்னிரண்டு தந்தி கிதாரை வைத்துக்கொண்டு தனியாகப் பாடிப் பதிந்தது.

என் வேலையில் ஒரு வரி நிரலை யார் எழுதினார்கள் என்று பின்னோக்கித் தேடிப் போவது அன்றாடம் நடப்பது. கடைசியாகத் தொட்டவர் பெயர் ஒன்றாக இருக்கும், தோண்டினால் அதற்குக் கீழே ஐந்து பேர் இருப்பார்கள். இந்தப் பாட்டிலும் அப்படித்தான். ஆனால் எல்லாருக்கும் தெரிந்தது கடைசிப் பெயர் மட்டும். நடுவில் இருந்தவர் 'பல்துறை வித்தகர்' என்ற பட்டத்தோடு ஓரமாக வைக்கப்பட்டுவிட்டார்.

அந்தப் பட்டத்தைப் பற்றித்தான் எழுத நினைத்தேன். தாஜ் மஹாலைப் பற்றி யார் எழுதினாலும் முதலில் ஒரு பட்டியல் போடுவார்கள். கிதார், பான்ஜோ, பியானோ, மவுத் ஆர்கன், மாண்டலின், புல்லாங்குழல், யுகுலேலே. அப்புறம் இன்னொரு பட்டியல்: ப்ளூஸ், கலிப்ஸோ, ரெகே, ஹவாய் இசை, மேற்கு ஆப்பிரிக்க இசை. கேட்கிறவன் மனதில் என்ன பதியும்? எல்லாத்தையும் தொட்டுப் பார்க்கிற ஆள், எதிலும் ஆழம் இருக்காது. சொல்லப்போனால் நானே அப்படித்தான் நினைத்து ஒரு பத்து வருஷம் இவரைத் தள்ளி வைத்திருந்தேன். ப்ளூஸ் வேண்டுமென்றால் மடி வாட்டர்ஸ், ரெகே வேண்டுமென்றால் மார்லி. நடுவில் இவர் எதற்கு?

பதில் அவர் வளர்ந்த வீட்டில் இருக்கிறது. அப்பா கரீபிய வம்சாவளி, ஜாஸ் பியானோ வாசித்தவர், இசைக்கோர்ப்பாளர். அம்மா தென் கரோலினாவில் இருந்து வந்த பள்ளி ஆசிரியை, தேவாலயத்தில் பாடுகிறவர். வீட்டில் ஒரு ஷார்ட்வேவ் ரேடியோ, உலகத்தின் எந்த மூலையில் இருந்தும் பாட்டு வரும். பையனுக்குப் பதினொரு வயது இருக்கும்போது அப்பா டிராக்டர் கவிழ்ந்து இறந்துபோனார். பிறகு வந்த மாற்றாந்தந்தையிடம் ஒரு கிதார் இருந்தது. வட கரோலினாவில் இருந்து பக்கத்து வீட்டுக்குக் குடிவந்த, இவர் வயதே ஆன ஒரு பையன் வாசிக்கச் சொல்லிக் கொடுத்தான். அதாவது ஒரே தெருவில் கரீபியத் தீவும் அமெரிக்கத் தெற்கும் ஹார்லெம் ஜாஸும் ஏற்கெனவே கலந்து கிடந்தன. வெளியே இருந்து பார்க்கும் நாம் ஐந்து வகை என்று எண்ணுகிறோம். அவருக்கு அது வீட்டுச் சத்தம்.

இன்னொரு விஷயம், இவர் பாட்டுக்காரராகத்தான் ஆவேன் என்று கிளம்பியவர் இல்லை. பதினாறு வயதில் பாமர் என்ற ஊரில் ஒரு மாட்டுப் பண்ணையில் வேலைக்குச் சேர்ந்தார், பத்தொன்பதில் அங்கே மேற்பார்வையாளர். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து பால் கறக்கிற வேலை. மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் படித்ததும் கால்நடை வளர்ப்புதான். இந்தத் தகவலைச் சும்மா சுவாரசியத்துக்காகச் சொல்லவில்லை. ப்ளூஸ் என்றால் அழுகை, குடி, சாலைச் சந்திப்பில் சாத்தான் என்று ஒரு மாயச்சித்திரம் 1960களில் உருவாகிக்கொண்டிருந்தது. இவர் பாட்டில் அது கிடையாது. வயல், மீன், கோழி, சமையல் இருக்கும். ஹென்றி தாமஸ் 1928இல் பதிந்த 'ஃபிஷிங் ப்ளூஸ்' பாட்டை இவர் பாடினால் உண்மையிலேயே தூண்டிலோடு கிளம்புகிற ஆள் பாடுகிற மாதிரி இருக்கும். ஆளும் தீவிர மீன்பிடி பிரியர்தான். பின்னாளில் ஹவாயின் கவாய் தீவுக்கே குடிபோய்விட்டார்.

1960களின் நடுவில் லாஸ் ஏஞ்சல்ஸ் வந்து ரை கூடருடன் 'ரைசிங் சன்ஸ்' என்ற குழுவைத் தொடங்கினார். கூடருக்கு அப்போது பதின்வயது முடியவில்லை. கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து வாசித்த ஆரம்பகால ராக் குழுக்களில் ஒன்று. கொலம்பியா நிறுவனம் ஒப்பந்தம் போட்டு, பாட்டுகளைப் பதிந்து, ஒரே ஒரு சிங்கிளை வெளியிட்டுவிட்டு மிச்சத்தை அலமாரியில் வைத்துவிட்டது. அது ஆல்பமாக வெளிவந்தது 1992இல்! கேட்டுப் பார்த்தால் காரணம் கொஞ்சம் புரிகிறது. ஒரு பாட்டு ப்ளூஸ், அடுத்தது பீட்டில்ஸ் வாடை, அதற்கடுத்தது ஃபோக். எந்த அலமாரியில் அடுக்குவது என்று விற்பனைக்காரனுக்குத் தெரிந்திருக்காது.

அதன் பிறகு வந்த மூன்று ஆல்பங்கள், 1968இல் இரண்டும் 1969இல் ஒன்றும், என் கணக்கில் அவருடைய உச்சம். அதிலும் 1969இல் வந்த இரட்டை ஆல்பம். முதல் தட்டு 'ஜயன்ட் ஸ்டெப்', குழுவோடு மின்கிதார் வைத்துப் பாடியது. இரண்டாவது தட்டு 'டி ஓல் ஃபோக்ஸ் அட் ஹோம்', தனி ஆள். கிதார், பான்ஜோ, மவுத் ஆர்கன், கைதட்டல். இங்கேதான் என் பழைய எண்ணம் உடைந்தது.

பான்ஜோ என்றால் நமக்கு என்ன ஞாபகம் வரும்? மலைப்பகுதி வெள்ளைக்காரர்கள், வைக்கோல் தொப்பி. ஆனால் அந்த வாத்தியத்தின் மூலம் ஆப்பிரிக்கா. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் கரீபியத் தீவுகளிலும் அமெரிக்காவிலும் சுரைக்காய்க் குடுவையில் தோல் கட்டி உருவாக்கியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் முகத்தில் கரி பூசிய வெள்ளை நடிகர்கள் மேடையில் கறுப்பர்களைக் கேலி செய்ய அதையே எடுத்துக்கொண்டார்கள். அந்த அவமானம் ஒட்டிக்கொண்டதாலும் காலம் மாறியதாலும் கறுப்பர்கள் மெல்ல மெல்லக் கைவிட்டார்கள். 1969இல், சோல் இசையும் கறுப்பர் எழுச்சியும் உச்சத்தில் இருந்தபோது, இருபத்தேழு வயதுக் கறுப்பு இளைஞன் பான்ஜோவை மடியில் வைத்துக்கொள்வது சாதாரணக் காரியம் இல்லை. அவருடைய வயதுக் கறுப்பு இளைஞர்களுக்கு அது தாத்தா காலத்துத் தலைகுனிவு. கிராமத்து ப்ளூஸைத் தேடிக் கேட்டவர்களில் பெரும்பாலோர் வெள்ளைக்காரக் கல்லூரி மாணவர்கள். இவர் பாடியது யாருக்கு?

அதை ஒரு வாதமாக அவர் வைக்கவில்லை என்பதுதான் எனக்குப் பிடித்தது. பான்ஜோ தன் வீட்டுச் சாமான் என்கிற மாதிரி எடுத்து வாசித்துவிட்டுப் போகிறார். கிதாரிலும் ஒரு தனி வழக்கம் உண்டு. பொதுவாகக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் முன்னே போகும், இவருக்குக் கட்டைவிரலும் நடுவிரலும். கட்டைவிரல் கீழ்ச்சுரத்தில் நடை போட, மேலே பாட்டு மிதக்கும். இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

1971இல் வந்த 'தி ரியல் திங்' நேரடிக் கச்சேரிப் பதிவு. மேடையில் நாலு டியூபா! ஹோவர்ட் ஜான்சன் தலைமையில் நாலு பேர் அந்தப் பெரிய பித்தளை யானைகளைக் கட்டிக்கொண்டு ஊதுகிறார்கள். யோசனை பிரமாதம். பழைய தெருவோர பித்தளைக் குழுக்களில் பாஸ் பிடித்தது டியூபாதானே. ஆனால் மனசாட்சிப்படி சொன்னால் ஆல்பம் பாதிக்கு மேல் இழுவை. பாட்டுகள் எங்கே முடிவது என்று தெரியாமல் சுற்றிச் சுற்றி வருகின்றன. ரசிகர்கள் இதைக் கொண்டாடுவார்கள், சண்டைக்கு வர வேண்டாம்.

1972இல் 'சௌண்டர்' படத்துக்கு இசையமைத்து அதில் நடிக்கவும் செய்தார். 1974இல் 'மோ ரூட்ஸ்' ஆல்பத்தில் ரெகேயை எடுத்தார், அப்பா வழித் தீவுகளின் ஞாபகத்தோடு. 1970களின் பின்பாதி ஆல்பங்கள் எனக்கு ஒட்டவில்லை. வெயிலும் கடற்கரையும் ஸ்டீல் டிரம்மும் இதமாகத்தான் இருக்கும், பின்னணியில் ஓடவிட்டு வேலை பார்க்கலாம். அவ்வளவுதான். அப்புறம் 1987 வரை பெரிதாக ஒன்றும் இல்லை. 1991இல் ஒரு நல்ல வேலை செய்தார். லாங்ஸ்டன் ஹியூஸும் ஜோரா நீல் ஹர்ஸ்டனும் சேர்ந்து 1930இல் எழுதி, இருவருக்கும் சண்டை வந்து மேடையேறாமலே போன 'மியூல் போன்' நாடகம் அறுபது வருஷம் கழித்து பிராட்வேயில் ஏறியபோது, ஹியூஸின் கவிதைகளுக்கு மெட்டுப் போட்டவர் இவர்.

இனி நமக்கு நெருக்கமான கதை. இலங்கையில் பிறந்து கலிஃபோர்னியாவில் குடியேறிய கவிச்சந்திரன் அலெக்சாண்டர் 'வாட்டர் லில்லி அகூஸ்டிக்ஸ்' என்று ஒரு சின்ன ஒலிப்பதிவு நிறுவனம் நடத்தினார். டியூப் கருவிகள், இரண்டே மைக், வெட்டு ஒட்டு எதுவும் கிடையாது. சான்டா பார்பராவில் ஒரு தேவாலயத்தில் ரை கூடரையும் ஜெய்ப்பூர் விஷ்வ மோகன் பட்டையும் உட்காரவைத்து அவர் பதிந்ததுதான் 1993இல் வெளியாகி கிராமி வாங்கிய 'எ மீட்டிங் பை தி ரிவர்'. அதே நிறுவனத்தில் 1995இல் தாஜ் மஹால், விஷ்வ மோகன் பட், சித்திர வீணை ரவிகிரண் மூவரும் சேர்ந்து வாசித்தது 'மும்தாஜ் மஹால்'. தலைப்பைப் பாருங்கள். சமாதியின் பெயர் வைத்துக்கொண்டவர் கடைசியில் சமாதிக்குள் இருப்பவரைச் சந்திக்க வருகிறார்.

தாளில் பார்த்தால் இதைவிடப் பொருத்தமான கூட்டணி அமையாது. ஸ்லைடு என்ற ஒரே உத்தியின் உலகச் சுற்று இதில் அடங்கியிருக்கிறது. நம்முடைய கோட்டு வாத்தியம், அதாவது சித்திர வீணை, மெட்டு கிடையாது, கட்டையை உருட்டி வாசிப்பது. ஹவாயில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஜோசப் கெகுகு கிதாரை மடியில் போட்டு இரும்புத்துண்டால் வாசிக்கும் முறையைப் பரப்பினார். அது அமெரிக்கா முழுக்கப் பரவியது. தெற்கத்திய ப்ளூஸ்காரர்கள் கத்தியையும் பாட்டில் கழுத்தையும் தந்தியில் தேய்த்து வாசித்ததோடு அது கலந்தது. ஹவாய்க்காரரான டாவ் மோ 1940களில் குடும்பத்தோடு கல்கத்தாவில் தங்கி அந்தக் கிதாரைச் சொல்லிக்கொடுத்தார். அந்த வழியில் வந்து, கூடுதல் தந்திகள் பூட்டி பட் உருவாக்கியதுதான் மோகன வீணை. இத்தனையும் ஒரே அறையில்!

ஆனாலும் ஆல்பம் முழுசாக வேலை செய்யவில்லை. ஏன் என்று பல தடவை கேட்டு யோசித்தேன். எனக்குத் தோன்றுவது இது. நம் இசையில் தம்புரா ஒரே சுருதியில் நிற்கும், அதன் மேல்தான் எல்லாம். ப்ளூஸிலோ பன்னிரண்டு அளவுக்குள் அடித்தளமே நகரும். ஸட்ஜமத்தில் தொடங்கி மத்யமத்துக்குப் போய், திரும்பி, பஞ்சமத்துக்குப் போய் வீடு வந்து சேரும். அடித்தளம் மத்யமத்துக்கு நகர்ந்த நேரத்தில் மேலே அந்தர காந்தாரத்தில் நின்றால் உரசும், சாதாரண காந்தாரம் என்றால் அழகாகப் பொருந்தும். ப்ளூஸ்காரர்கள் இந்த இரண்டு காந்தாரத்துக்கும் நடுவில் ஒரு இடத்தில் ஊசலாடுவதே இந்த இழுபறியால்தானோ என்று எனக்கு ஒரு சந்தேகம். ராகத்தில் ஊறிய இரண்டு பேருக்கு இந்த நகரும் தரையில் நிற்க இடமில்லை. அதனால் 'ஸ்டாண்ட் பை மீ' மாதிரி பாட்டுகளில், பாட்டு வரிகளுக்கு நடுவே கிடைக்கும் இடைவெளியில் அழகான சின்னச் சின்னச் சங்கதி போட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார்கள். இரண்டு மேதைகள் பக்கவாத்தியமாகிவிடுகிறார்கள். ராபர்ட் ஜான்சனின் 'கம் ஆன் இன் மை கிச்சன்' மட்டும் விதிவிலக்கு. அதன் உயிரே ஸ்லைடு இழுப்பில் இருப்பதால் மூவரும் ஒரே மொழி பேசுகிறார்கள்.

கூடர் ஆல்பம் ஏன் ஜெயித்தது? அவர் பாடவில்லை. தன் பாட்டு எதையும் கொண்டு வந்து நடுவில் வைக்கவில்லை. பட் என்ன வாசிக்கிறார் என்று கேட்டு, பின்னால் நடந்தார். தாஜ் மஹாலுக்கு அது வராது. அவர் எங்கே போனாலும் அந்தக் கரகரத்த தொண்டையோடு, பாட்டோடு, முன்னால் போய் உட்காருவார். கூடர் விருந்தாளியாகப் போவார், இவர் சொந்தக்காரராகப் போவார். இந்தியாவில் இவர் சொந்தக்காரர் இல்லை. கனவு கண்டால் மட்டும் போதாது.

இந்த வேறுபாட்டைச் சரியாகக் காட்டும் ஆல்பம் 1999இல் வந்த 'குலஞ்ஜான்'. மாலி நாட்டின் டூமானி டியாபாத்தே, அவரோடு பாடகர் காஸே மாடி டியாபாத்தே, ரமாத்தா டியாகித்தே, ங்கோனி வாசிக்கும் பாஸேகு குயாத்தே என்று ஒரு கூட்டம். இவர்களில் பலர் ஜேலி என்னும் பரம்பரைப் பாணர் குடும்பங்கள். பதிவு நடந்தது ஆப்பிரிக்காவில் இல்லை, ஜார்ஜியா மாநிலத்து ஏதென்ஸ் நகரில். மெக்டெல் பாடிய அதே மாநிலம்.

கோராவுக்கு இருபத்தொரு தந்தி (சித்திர வீணைக்கும் இருபத்தொன்றுதான், சும்மா சொல்லி வைக்கிறேன்). இரண்டு கட்டைவிரல், இரண்டு ஆள்காட்டி விரல். கட்டைவிரல் கீழே நடை போட, மேலே மற்ற விரல்களில் மெட்டு. முன்னால் சொன்ன கிதார் வாசிப்பு ஞாபகம் வருகிறதா? 'குவீன் பீ' அவருடைய பழைய பாட்டுதான். ஆனால் இந்தப் பதிவில் ரமாத்தாவின் குரல் உள்ளே வரும்போது, அது எப்போதும் இரண்டு குரலுக்காக எழுதப்பட்ட பாட்டு போலவும் ஒரு குரல் இத்தனை வருஷமாக வராமல் இருந்தது போலவும் கேட்கிறது. இங்கே யாரும் பக்கவாத்தியம் இல்லை. மாலியின் மெட்டுகளில் அடித்தளம் ஓயாமல் நகர்வதில்லை, சுழன்று வரும். பழைய ஒற்றைச் சுர ப்ளூஸும் அப்படித்தான். இவர் தன் பன்னிரண்டு அளவுக் கணக்கைத் தளர்த்திக்கொண்டு அந்தச் சுழலில் உட்கார்ந்துவிடுகிறார். 'மும்தாஜ் மஹா'லில் செய்ய மறந்ததும் இதுதான்.

அந்தச் சமயத்தில் தனக்கு தாதி குயாத்தே என்று ஒரு பெயரும் சூட்டிக்கொண்டார். குயாத்தே என்பது பாணர் குலங்களில் மூத்தது. இந்தப் பெயர் எனக்குக் கொஞ்சம் நெருடுகிறது. பரம்பரையாக வருவதை ஒருவர் தானே எடுத்துக்கொள்ளலாமா? ஆனால் இப்படியும் யோசிக்கிறேன். பெயரும் குலமும் கப்பலில் பிடுங்கப்பட்ட ஒருவரின் கொள்ளுப்பேரன் அதை யாரிடம் போய்க் கேட்டு வாங்குவது? ரை கூடருக்கு இந்தக் கேள்வியே வராது. கூபாவுக்கும் மாலிக்கும் போனால் அவரைத் தேடலாளர் என்பார்கள். அதே பயணம் போனால் இவர் 'பல்துறை'. இரண்டு பாராட்டும் ஒன்றில்லை. இதை இந்தப் பதிவு எழுதத் தொடங்கிய பிறகுதான் கவனித்தேன்.

விருதுகள் பின்னாளில் வந்தன. 2006இல் மாசசூசெட்ஸ் மாநிலம் இவரைத் தன் அதிகாரபூர்வ ப்ளூஸ் கலைஞராக அறிவித்தது. 2025இல் வாழ்நாள் சாதனை கிராமி. இதற்கிடையில் 2022இல், ரைசிங் சன்ஸ் கலைந்து ஐம்பது வருஷத்துக்கும் மேலான பிறகு, கூடரும் இவரும் மறுபடி சேர்ந்து 'கெட் ஆன் போர்ட்' செய்தார்கள். சன்னி டெர்ரி, ப்ரௌனி மெக்கீ என்ற பழைய ஜோடி பாடிய பாட்டுகள். கூடரின் மகன் யோவாகிம் வீட்டு வரவேற்பறையில் பதிவு. தாஜ் மவுத் ஆர்கன் ஊதுகிறார். குரல் உடைந்துதான் போயிருக்கிறது, சில இடங்களில் சுரம் பிடிபடவில்லை. அதைச் சரிசெய்யவும் இல்லை. இரண்டு கிழவர்கள் ஒருவரை ஒருவர் முந்தாமல், பின்தங்காமல் வாசிக்கிறார்கள். கூடர் இந்த முறை பின்னால் நடக்கவில்லை, வாய்விட்டுப் பாடுகிறார், சிரிக்கிறார்.

புதிதாகக் கேட்க வருகிறவர்களுக்கு: 1969 இரட்டை ஆல்பத்தின் இரண்டாவது தட்டில் தொடங்குங்கள், அடுத்து 'குலஞ்ஜான்', அப்புறம் 1968இன் 'ஸ்டேட்ஸ்போரோ ப்ளூஸ்'. அதைக் கேட்டு முடித்த கையோடு மெக்டெல்லின் 1928 பதிவையும் போட்டுவிடுங்கள். இரைச்சல் அதிகம் இருக்கும், ஹெட்போன் வேண்டும்.